14 நாளில் நாயின் மூர்க்கத்தைப் போக்கித் தருகிறோம் என்பவர்களிடம் உஷார்

கிள்ளான் பள்ளத்தாக்கில் கடிக்கிற நாயை வைத்துக்கொண்டு தவிக்கும் குடும்பங்களின் கவனத்துக்கு. "14 நாள் எங்களிடம் விடுங்கள், சாதுவாகத் திருப்பித் தருகிறோம், உத்தரவாதம் உண்டு" என்று ஃபேஸ்புக்கில் விளம்பரங்கள் ஓடுகின்றன. நாயை அவர்கள் இடத்திலேயே தங்கவைத்துப் பழக்கும் ஏற்பாடு. செந்தூலில் ஒரு குடும்பம் இதை நம்பி 3,800 வெள்ளி கட்டியது. கடைசியில் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் கையில் தையல் போட வேண்டியதாகிவிட்டது. எந்தெந்த இடத்தில் விழித்திருக்கலாம் என்று மற்றவர்களுக்குத் தெரிய வேண்டும் என்பதால் நடந்ததை விவரமாக எழுதுகிறோம்.

நான்கு வயது கலப்பு நாய். கேட்டுக்கு வரும் டெலிவரிக்காரர்களைக் கண்டால் முன்பிருந்தே பாய்ந்து குரைக்கும். புதிதாக வந்த பழக்கம், படுத்திருக்கும்போது தலையைத் தொட்டால் உறுமுவது. ஒருமுறை பாட்டியின் கையைக் கவ்வியது, தோல் கிழியவில்லை. பயிற்சியாளர் போனில் கேட்டது மூன்றே விஷயம்: என்ன இனம், எத்தனை கிலோ, எப்போது கொண்டு வருவீர்கள். எப்போதிருந்து இப்படி, யாரைக் கடிக்க வந்தது, எந்த இடத்தைத் தொட்டால் உறுமுகிறது, கிளினிக்கில் காட்டினீர்களா என்று எதுவும் கேட்கவில்லை. முழுப் பணத்தையும் முன்கூட்டியே வாங்கிக்கொண்டார். போய்ப் பார்க்க அனுமதி கேட்டபோது வந்த பதில்: "இப்ப வந்தீங்கன்னா நாய் மனசு மாறிடும்லா அக்கா. நான் வீடியோ அனுப்பறேன், பாருங்க."

அந்த வீடியோவை நாங்கள் நிறுத்தி நிறுத்திப் பார்த்தோம். நாய் ஒரு பாயில் படுத்திருக்கிறது. அதைச் சுற்றி ஒரு பையன் நடக்கிறான். குரைப்பில்லை, அசைவில்லை. தெரியாதவர்களுக்கு அற்புதமாகத்தான் இருக்கும். ஆனால் காது இரண்டும் பின்னால் ஒட்டியிருக்கிறது. பையன் நடக்கும் பக்கம் தலை திரும்பவில்லை, கண் மட்டும் ஓரத்துக்குப் போய் வெள்ளை தெரிகிறது. நல்ல வெயிலிலும் வாய் இறுக மூடியிருக்கிறது. மூக்கை இரண்டு முறை நக்குகிறது. வால் வயிற்றோடு ஒட்டிக் கிடக்கிறது. இது பயத்தில் உறைந்துபோன நாய். கழுத்தில் கறுப்பு வார், அதில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு பெட்டி. ஷாக் காலர், ரிமோட்டை அழுத்தினால் நாயின் கழுத்தில் மின்னதிர்ச்சி கொடுக்கும் பட்டை. அதைப் பற்றிக் குடும்பத்தாரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நாய் வீட்டுக்கு வந்தபோது தொண்டைக்குக் கீழே முடியை விலக்கினால் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு வட்டப் புண்கள் இருந்தன. காலரின் இரண்டு உலோக முனைகளும் ஒரே இடத்தில் மணிக்கணக்கில் அழுந்திக்கொண்டிருந்தால் இப்படிப் புண்ணாகும். "தோல் அலர்ஜி, மஞ்சள் தடவுங்கள்" என்று பயிற்சியாளர் சொல்லி அனுப்பியிருக்கிறார்.

முதல் சில வாரம் வீட்டில் சத்தமே இல்லை. எல்லாரும் நிம்மதியாக இருந்தார்கள். அதற்குப் பிறகு ஒரு மாலை, பந்தை எடுக்கக் கம்பிக்குள் கைவிட்ட பிள்ளையை நாய் உறுமாமல், பல்லைக் காட்டாமல், நேராகக் கடித்தது. பல் ஆழமாகப் போயிருந்தது. நாய்க்கடியைத் தரம் பிரிக்க இயன் டன்பர் என்ற கால்நடை மருத்துவர் வகுத்த ஆறு படிகள் உண்டு. பல் பட்டும் தோல் துளைக்காவிட்டால் 2. கோரைப் பல்லின் பாதி நீளத்துக்கு மேல் இறங்கினால் 4. இரண்டாம் படியில் கொண்டுபோய் விட்ட நாய் நான்காம் படியில் வந்து நிற்கிறது.

ஏன் இப்படி ஆனது? உறுமல் ஓர் எச்சரிக்கை. "இதற்கு மேல் வராதே" என்று நாய் சொல்லும் விதம். உறுமும்போதெல்லாம் ஷாக் கொடுத்தால் உறுமுவது நிற்கும், பயம் அப்படியே இருக்கும். இன்னும் மோசம், ஆளைப் பார்க்கும் நேரமும் வலிக்கும் நேரமும் ஒன்றாக வருவதால் ஆள் வந்தாலே வலி வரும் என்று நாய் முடிவுகட்டிவிடுகிறது. அப்புறம் அது எச்சரிக்காமல் கடிக்கும். 2009இல் ஹெரான் என்ற கால்நடை மருத்துவரின் குழு, நாயின் நடத்தைச் சிக்கலுக்காக அமெரிக்காவில் சிகிச்சைக்கு வந்த உரிமையாளர்களிடம் நடத்திய ஆய்வில், அடித்த அல்லது உதைத்த நாய்களில் 43 விழுக்காடு பதிலுக்கு மூர்க்கம் காட்டின. மல்லாக்கப் புரட்டி அமுக்கியவற்றில் 31 விழுக்காடு. "நீங்கதான் தலைவன்னு நாய்க்குக் காட்டணும்" என்று பேசுகிறவர்களிடம் இந்த எண்களைச் சொல்லுங்கள். அந்தத் தலைவன் கதையே அடைபட்ட ஓநாய்களைப் பார்த்துக் கட்டியது. அதைப் பரப்பியவர்களில் ஒருவரான டேவிட் மீச் என்ற ஓநாய் ஆய்வாளரே 1999இல் அது பிழை என்று எழுதிவிட்டார்.

கடி நடந்த பிறகுதான் நாயைக் கிளினிக்குக்குக் கொண்டுபோனார்கள். இரண்டு காதிலும் உள்ளே வரை சீழ். தலையைத் தொட்டால் உறுமியதற்குக் காரணம் அதுதான். நம் ஊர் ஈரத்தில், தொங்கு காது நாய்களுக்கு இது சர்வ சாதாரணம். திடீரென்று குணம் மாறிய நாயை முதலில் காட்ட வேண்டியது மருத்துவரிடம். காது, பல், இடுப்பு மூட்டு, முதுகு, கண், தைராய்டு இரத்தப் பரிசோதனை, இத்தனையும் பார்க்கச் சொல்லுங்கள். சிக்கலான நாயாக இருந்தால் செர்டாங்கில் புத்ரா பல்கலைக்கழகத்தின் விலங்கு மருத்துவமனைக்குப் பரிந்துரைக் கடிதம் கேட்கலாம். பயம் மிக அதிகமான நாய்க்கு மருத்துவர் ஃபுளுவோக்செட்டின் போன்ற மாத்திரை எழுதுவதுண்டு. அது வேலை செய்ய 4 முதல் 6 வாரம் பிடிக்கும், பயிற்சியும் கூடவே நடக்க வேண்டும். பயிற்சியாளர் தன் கையால் மாத்திரை கொடுத்தால் வாங்காதீர்கள்.

பயிற்சியாளர் என்று சொல்லிக்கொள்ள யாராலும் முடியும். அதனால் கேட்க வேண்டிய கேள்வி இது: "நாய் சரியாகச் செய்தால் என்ன கொடுப்பீர்கள், தப்பாகச் செய்தால் என்ன செய்வீர்கள்?" இரண்டாவதற்குப் பதில் வழுக்கினால் கிளம்பிவிடுங்கள். சிபிடிடி-கேஏ (CPDT-KA) போன்ற நாய்ப் பயிற்சியாளர் சான்று இருந்தால் வழங்கிய அமைப்பின் இணையதளத்தில் பெயரைத் தேடிப் பாருங்கள். கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிய காகிதம் போதாது.

விஷயம் தெரிந்தவர் முதல் நாள் நாயைத் தொடவே மாட்டார். பெரும்பாலும் உங்களிடம்தான் பேசுவார், கடித்த ஒவ்வொரு சம்பவத்தையும் கேட்டு எழுதுவார். உங்கள் வீட்டுக்கே வருவார், ஏனென்றால் நாய்க்குப் பிரச்சினை உங்கள் கேட்டில். வேறெங்கோ ஒரு கூண்டில் கற்றது அப்படியே இங்கே ஒட்டாது. கேட்டுக்குப் பின்னால் இன்னொரு தடுப்பு வைக்கச் சொல்வார். பிறகு, ஆளைப் பார்த்தும் நாய் பதறாமல் சாப்பிடக்கூடிய தூரத்தைக் கண்டுபிடிப்பார். அது 15 மீட்டராகவும் இருக்கலாம். ஆள் கண்ணில் பட்டதும் பட்டாணி அளவு அவித்த கோழித் துண்டுகள், ஒன்றன்பின் ஒன்றாக. ஆள் மறைந்ததும் கோழியும் நிற்கும். இந்த வரிசை மாறக்கூடாது, முதலில் கோழியைக் காட்டிவிட்டு ஆளை வரவழைத்தால் கோழியைக் கண்டாலே நாய் சந்தேகப்படும். நாய் சாப்பிட மறுத்தால் தூரம் போதவில்லை என்று பொருள். மாதக்கணக்கு வேலை இது. உத்தரவாதம் தருகிறேன் என்று எந்த நேர்மையான ஆளும் சொல்வதில்லை.

நாய் கடிக்காமல் இருக்க மாட்டும் வாய்மூடி வாங்கினால் கூடை வடிவத்தில், வாயைத் திறந்து மூச்சிரைக்கவும் தண்ணீர் குடிக்கவும் இடம் உள்ளதாக வாங்குங்கள். வாயைக் கட்டும் துணி வகையைப் போட்டு நம் வெயிலில் நடக்க வைத்தால் நாய் சூடேறிச் செத்துப்போகலாம். கூடைக்குள் பீனட் பட்டர் தடவி நாயே மூக்கை விடும்படி சில நாள் பழக்கிய பிறகுதான் வாரை மாட்ட வேண்டும். சைலிட்டால் என்ற இனிப்பூட்டி கலந்த பீனட் பட்டர் நாய்க்கு விஷம், டப்பாவில் பார்த்து வாங்குங்கள்.

யாரையாவது கடித்துவிட்டால் காயத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, உடனே கிளினிக்குக்குப் போக வேண்டும். 2015இல் பினாங்கு, கெடா, பெர்லிஸில் ரேபிஸ் (வெறிநாய்க்கடி நோய்) வந்ததை மறந்துவிடக்கூடாது.

ஏமாந்தவர்களுக்கு வழி இருக்கிறது. பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 50,000 வெள்ளி வரை கேட்கலாம். கட்டணம் 5 வெள்ளி, வழக்கறிஞர் தேவையில்லை, மூன்று ஆண்டுக்குள் போட வேண்டும். பணம் கட்டிய ரசீது, விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், வாட்ஸ்அப் பேச்சு, மருத்துவரின் அறிக்கை எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். புண் இருந்தால் அன்றைக்கே தேதியோடு படம் எடுத்து, கால்நடைச் சேவைத் துறையிலும் புகார் கொடுங்கள். விலங்கு நலச் சட்டம் 2015இன்படி, கொடுமை நிரூபணமானால் 20,000 முதல் 100,000 வெள்ளி வரை அபராதம், மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும்.

உங்கள் நாய் இப்போது இப்படி ஓர் இடத்தில் இருக்கிறது, பார்க்கவும் விடமாட்டேன் என்கிறார்கள் என்றால், மீதி நாளுக்குக் கட்டிய பணம் வீணாகுமே என்று யோசிக்க வேண்டாம். இன்றைக்கே போய் நாயைக் கூட்டி வந்துவிடுங்கள்.