கிளாம்பா, வெளி வளையமா?

ஊட்டி, குன்னூர் பக்கம் இசைத்தட்டு வைத்திருப்பவர்களுக்கு முதல் எதிரி ஈரம்தான். உறைக்குள் பூஞ்சை பிடித்த தட்டு கரகரத்தால், வளைந்த தட்டைப் படியவைக்கும் கிளாம்பும் (நடுவை அழுத்தும் பிடி) வெளி வளையமும் (ஓரத்தை அழுத்தும் கனமான வளையம்) உதவாது. லேபிள் நனையாமல் கழுவிக் காயவைக்க வேண்டும்.

வளைந்த தட்டு என்றால் சுற்றவிட்டு, கண்ணைத் தட்டின் மட்டத்துக்கு இறக்கிப் பாருங்கள். நடு உப்பியிருந்தால் கிளாம்ப் போதும். கிண்ணம்போல் ஓரம் முழுக்கத் தூக்கியிருந்தால், லேபிளுக்கு அடியில் ஸ்பிண்டிலில் (பிளேயரின் நடுக் கம்பியில்) மெல்லிய வாஷர் ஒன்றைப் போட்டு, திருகு கிளாம்பை இறுக்குங்கள். நடு அழுந்த, ஓரம் தானே இறங்கும். தட்டின் நடுவில் வைக்கும் வெறும் எடைக்கல் இதை இவ்வளவு நன்றாகச் செய்யாது.

ஓரம் அலையலையாக நெளிந்திருந்தால்தான் வளையத்துக்கு வேலை. அப்போது அது கிளாம்பைவிடப் பல மடங்கு மேல். ஆனால் தொல்லையும் கூடவே வரும். 12 அங்குலத் தட்டுக்கு மட்டுமே பொருந்தும், பிளாட்டர் (தட்டைத் தாங்கிச் சுற்றும் மேடை) இசைத்தட்டைவிட அகலமாக இருந்தால் உட்காராது. ஊசியை அதன் விளிம்பில் இறக்கினால் ஊசிமுனை போச்சு. தானாக ஊசி இறங்கும் பிளேயருக்கு வேண்டவே வேண்டாம். ஸ்பிரிங்கில் தொங்கும் பிளேயர் அந்தக் கனத்தில் தாழ்ந்துவிடும்.

முதலில் எடை குறைந்த திருகு கிளாம்ப் வாங்குங்கள். தட்டுகள் நேராக இருந்தால் அதுவும் தண்டம்.