பிசிடி பொருந்தினால் போதும் என்றார்கள்: டொயோட்டா 86 வைத்திருப்போர் கவனத்திற்கு

டொயோட்டா 86 வைத்திருப்பவர்களும், பழைய 86 ஒன்றை வாங்கி அதற்குப் புது ரிம் போட எண்ணியிருப்பவர்களும் இதை முழுவதும் படித்துவிட்டுக் கடைக்குச் செல்லுமாறு கேட்டுக்கொள்கிறேன். 2023ஆம் ஆண்டு மலேசியாவின் கிள்ளான் பள்ளத்தாக்கில் உள்ள ஒரு ரிம் கடைக்கு நான் 4,600 ரிங்கிட் கொடுத்தேன். ஆறு வாரங்களில், ஓடும்போதே சக்கரம் கழன்றுவிடக்கூடிய நிலையில் என் கார் இருந்தது. கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. நடந்ததை மட்டும் எழுதுகிறேன், ஏனெனில் பிசிடி (நட்டு ஏறும் துளைகள் அமைந்த வட்டத்தின் விட்டம்) பொருந்தினால் போதும் என்ற அதே பதிலை வேறு கடைகளிலும் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

86 காருக்குத் தொழிற்சாலையில் கொடுத்த ரிம் 17 அங்குல விட்டமும் 7 அங்குல அகலமும் கொண்டது, ஆஃப்செட் (சக்கரம் எவ்வளவு உள்ளே அல்லது வெளியே நிற்கும் என்பதைக் காட்டும் எண்) 48 மில்லிமீட்டர், டயர் 215/45 (அகலம் 215 மில்லிமீட்டர், பக்கச்சுவரின் உயரம் அதில் 45 விழுக்காடு). அந்த மெல்லிய டயர் வளைவுகளில் எளிதில் வழுக்கும்படி வேண்டுமென்றே தேர்ந்தெடுக்கப்பட்டது என்பது இந்தக் காரை விரும்புபவர்களுக்குத் தெரியும். எனக்கு இன்னும் கொஞ்சம் பிடிமானமும், சக்கரம் உள்ளே ஒடுங்கி நிற்காத தோற்றமும் வேண்டியிருந்தன. கடைக்காரர் ஜப்பானிய ரிம் ஒன்றைப் போலச் செய்த 18 அங்குல ரிம்களைக் காட்டி, "தம்பி, உங்கள் காருக்கு பிசிடி ஐந்து நட்டு, 100. விஷ் காருக்கும் அதே ஐந்து நட்டு, 100. இரண்டும் டொயோட்டாதானே? பிசிடி பொருந்தினால் எல்லாம் ஏறிவிடும்" என்றார். பேச்சில் தயக்கமே இல்லை. நானும் மேற்கொண்டு எதையும் கேட்கவில்லை.

அவர் சொன்னதில் பிசிடி மட்டும்தான் சரி. 86 டொயோட்டா பெயரில் விற்கப்பட்டாலும் சுபாருவின் குன்மா தொழிற்சாலையில் தயாரானது. அதன் ஹப்பும் (சக்கரம் மாட்டப்படும் நடுப்பகுதி) ஸ்டட்டுகளும் (அதில் நீட்டிக்கொண்டிருக்கும், நட்டு ஏறும் போல்ட்டுகள்) சுபாருவின் அளவில் அமைந்தவை. ரிம்மின் நடுத்துளை உட்காரும் ஹப் விளிம்பின் விட்டம் 86 காரில் 56.1 மில்லிமீட்டர், விஷ், கால்டினா, பிரியஸ் போன்ற டொயோட்டா கார்களில் 54.1. ஸ்டட்டின் தடிமன் இரண்டிலும் 12 மில்லிமீட்டர்தான், ஆனால் மரைகளுக்கு இடையிலான தூரம் 86 காரில் 1.25 மில்லிமீட்டர், விஷ் போன்ற டொயோட்டாக்களில் 1.5. ஆகவே விஷ் காருக்கென்று துளையிட்ட ரிம் 86 காரின் ஹப்பில் ஏறவே ஏறாது. விஷ் நட்டு 86 காரின் ஸ்டட்டில் ஓரிரு சுற்றுக்கு மேல் கையால் போகாது. வேலை தெரிந்த எவரும் அந்த இடத்திலேயே நிறுத்தியிருப்பார்கள்.

அவர்கள் நிறுத்தவில்லை. நான் முன்னறையில் காத்திருந்தபோது பின்பக்கத்திலிருந்து கிரைண்டர் ஓடும் சத்தம் நெடுநேரம் கேட்டது. என்ன வேலை என்று எழுந்து போய்க் கேட்டதற்கு, உள்விளிம்பில் பெயிண்ட் தடித்திருப்பதால் சுத்தம் செய்கிறோம் என்று ஒரு பையன் சொன்னான். உண்மையில் நான்கு ரிம்களின் நடுத்துளையையும் கை கிரைண்டரால் தேய்த்துப் பெரிதாக்கிக்கொண்டிருந்தார்கள். கடைசல் இயந்திரத்தில் அளந்து செய்திருந்தாலாவது துளை வட்டமாக இருந்திருக்கும். கையால் தேய்த்ததில் ஒரு பக்கம் அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் போய், ரிம்மின் மையமே விலகிவிட்டது. பிறகு விஷ் நட்டுகளை ஏர் கன்னால் அடித்து ஏற்றினார்கள். கன்னின் வலுவில் நட்டு ஏறத்தான் செய்தது, ஸ்டட்டின் மரையை அறுத்துக்கொண்டே ஏறியது.

அன்று நான் செய்த மிகப் பெரிய தவறு, என் பழைய ரிம்களை அங்கேயே விட்டுவந்தது. "வீட்டில் இடத்தை அடைக்கும், நாங்களே எடுத்துக்கொள்கிறோம்" என்று சொல்லி 500 ரிங்கிட் கழித்தார்கள். ரசீதில் "18 ரிம் 1 செட், டயர் 4" என்பதைத் தவிர ஓர் எண்கூட இல்லை. ஆஃப்செட் இல்லை, நடுத்துளை இல்லை, டயர் அளவும் இல்லை.

மறுநாளே கூட்டரசு நெடுஞ்சாலையில் 90 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டதும் ஸ்டியரிங் நடுங்கியது. திரும்பிப் போனேன், பேலன்சிங் என்றார்கள். அடுத்த வாரம் அலைன்மென்ட் என்றார்கள். இரண்டுக்கும் தனித்தனியாகக் காசு வாங்கினார்கள், நடுக்கமோ குறையவில்லை. மையம் விலகிய சக்கரத்தை எத்தனை முறை பேலன்ஸ் செய்தாலும் பயனில்லை. பேலன்சிங் இயந்திரம் ரிம்மைத் தன் தண்டில் கூம்பு வைத்து மையப்படுத்திச் சுழற்றுகிறது, அதே ரிம் காரில் உட்காரும் இடமோ வேறு. இது எனக்குப் பின்னால்தான் விளங்கியது.

காராக் நெடுஞ்சாலையில் கெந்திங் மலை ஏறிய நாளில் அடுத்த குறை வெளிப்பட்டது. இடது வளைவுகளில் வலது பின்சக்கரம் ஃபெண்டரில் உராய்ந்து ரப்பர் கருகும் வாடை வந்தது; இறங்கிப் பார்த்தால் டயரின் வெளித்தோள் ஓர் அங்குல அகலத்துக்குச் சீவப்பட்டிருந்தது. கடைக்குத் தொலைபேசியில் சொன்னபோது, ஃபெண்டர் ஓரத்தை மடித்துத் தருகிறோம், 400 ரிங்கிட் ஆகும் என்றார்கள். அன்றிரவுதான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஆஃப்செட் என்பது ஹப்பில் படியும் முகத்துக்கும் ரிம்மின் நடுக்கோட்டுக்கும் உள்ள தூரம். எண் குறையக் குறையச் சக்கரம் வெளியே வரும். எனக்குப் போட்டிருந்த ரிம் 8.5 அங்குல அகலம், ஆஃப்செட் 30. பழைய ரிம்மின் வெளிவிளிம்பு ஹப் முகத்திலிருந்து ஏறத்தாழ 41 மில்லிமீட்டரில் நின்றது. புதியது 78இல் நின்றது. 37 மில்லிமீட்டர், அதாவது ஒன்றரை அங்குலம் அளவுக்குச் சக்கரம் வெளியே வந்துவிட்டது. உள்பக்கம் கூடியதோ ஒரே மில்லிமீட்டர். அதே 8.5 அங்குல ரிம்மை ஆஃப்செட் 45இல் எடுத்திருந்தால் வெளியே 22, உள்ளே 16 என்று இரண்டு பக்கமும் பகிர்ந்துகொண்டிருக்கும். 86 காரில் உள்பக்கம் அதற்கு இடம் உண்டு.

டயரின் கதையும் அதுவே. 215/45இல் 17 அங்குலச் சக்கரத்தின் மொத்த விட்டம் 625 மில்லிமீட்டர். 18 அங்குலத்துக்கு 225/40 போட்டால் 637 வரும். அது பெரும்பாலும் ஒத்துப்போகும். கடையில் கையிருப்பில் இருந்த 235/40ஐ எனக்குப் போட்டதால் 645 ஆனது. உயரம் 20 மில்லிமீட்டர் கூடியதால், முன்சக்கரம் முழுதாகத் திரும்பும்போது உள்ளேயிருக்கும் பிளாஸ்டிக் மறைப்பையும் உரசியது.

கிள்ளான் பண்டமாரானில் முப்பது ஆண்டுகள் பட்டறை நடத்தி ஓய்வு பெற்ற, என் மாமாவின் நண்பர் ஒருவரிடம் காரைக் கொண்டுபோனேன். முதல் நட்டைக் கழற்றியதுமே கையை நிறுத்திக்கொண்டார். நட்டுக்குள்ளிருந்து உலோகச் சுருள் உதிர்ந்தது. "இந்தக் காரிலா தம்பி, பிள்ளையைப் பள்ளிக்கு ஏற்றிப் போனீர்கள்?" என்று கேட்டார், என்னால் பதில் சொல்ல முடியவில்லை. 20 ஸ்டட்டுகளில் ஒன்பதில் மரை பாதிக்கு மேல் போயிருந்தது. ரிம்மின் பின்பக்கம் ஜேடபிள்யூஎல் (ஜப்பானிய ரிம் பாதுகாப்புத் தர) முத்திரையும் இல்லை, தாங்கும் எடையும் பொறிக்கப்படவில்லை. புதியவை என்று விற்ற டயர்களின் பக்கச்சுவரில் நான்கு இலக்கத் தேதி 0918 என்றிருந்தது. 2018ஆம் ஆண்டின் ஒன்பதாவது வாரத்தில் செய்தவை, எனக்கு விற்றபோது ஐந்து வயது ஆனவை.

இனி ரிம் வாங்கப் போகிறவர்களுக்கு நான் வேண்டிக்கொள்வது இதுதான். விட்டம், அகலம், ஆஃப்செட், பிசிடி, நடுத்துளை, நட்டின் மரை, டயர் அளவு, டயர் தேதி ஆகிய அனைத்தையும் பணம் கொடுப்பதற்கு முன் ரசீதில் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் வெளியே வந்துவிடுங்கள். டயர் மாட்டாத வெறும் ரிம்மை முதலில் ஹப்பில் வைத்துப் பாருங்கள். நடுத்துளை பெரிதாக இருந்தால் அளவான வளையம் போட்டு நிரப்பலாம், சிறிதாக இருந்தால் அந்த ரிம் உங்களுக்கு உரியதன்று. ஒவ்வொரு நட்டையும் விரலால் ஐந்தாறு சுற்று ஏற்றச் சொல்லி, கடைசி இறுக்கத்தை டார்க் ரெஞ்சில் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) 120 நியூட்டன் மீட்டருக்கு வைக்கச் சொல்லுங்கள். பழைய ரிம்மை மட்டும் யார் கேட்டாலும் விட்டுக்கொடுக்காதீர்கள். அதன் முதுகில் உங்கள் காரின் சரியான அளவுகள் பொறிக்கப்பட்டிருக்கின்றன, சிக்கல் வந்தால் திரும்பிப் போவதற்கு உங்களிடம் இருப்பதும் அது ஒன்றே.

நான் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் மனு கொடுத்தேன். மனுக் கட்டணம் ஐந்து ரிங்கிட். 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையை அங்கே கொண்டுபோகலாம், வழக்கறிஞர் தேவையில்லை. சேதமான ஸ்டட்டுகளையும் ஒரு ரிம்மையும் படங்களுடன் எடுத்துப் போயிருந்தேன். விசாரணை நாளன்று கடைக்காரர் 3,200 ரிங்கிட் திருப்பித் தர ஒப்புக்கொண்டார். ரிம்கள் தமக்கு வேண்டாம் என்றார். என் பழைய ரிம்களை அதற்குள் விற்றுவிட்டிருந்தார். அதே அளவில் வேறொரு பழைய செட் தேடி வாங்க எனக்கு இரண்டு மாதம் பிடித்தது.

துளை தேய்த்த அந்த நான்கு ரிம்களும் சில வாரம் வீட்டு வாசலில் கிடந்தன. விஷ் வைத்திருக்கும் ஒருவர் பார்த்துவிட்டு 400 ரிங்கிட்டுக்குக் கேட்டார். கொடுக்க மனம் வரவில்லை. பழைய உலோகக் கடைக்குக் கொண்டுபோய், நான்கையும் என் கண்முன் குறுக்காக வெட்டச் சொல்லி, எடைக்குப் போட்டுவிட்டு வந்தேன்.