மட்டக்களப்பிலிருந்து சென்னைக்கு: பலாலியா, கட்டுநாயக்கவா?

2024 செப்டெம்பரில் இண்டிகோவும் சென்னை–யாழ்ப்பாணம் பறக்கத் தொடங்கியதிலிருந்து எங்கள் பக்கத்தில் இந்தக் கேள்வி ஓயவில்லை. அம்மாவின் கண் ஒபரேசனுக்காக யாழ்ப்பாண விமான நிலையமான பலாலியால் போய், கொழும்புப் பக்கத்து விமான நிலையமான கட்டுநாயக்கவால் திரும்பினோம். இனிப் போவதென்றால் நான் கட்டுநாயக்கதான்.

பலாலி கிட்ட, கட்டுநாயக்க தூரம் என்று பலருக்கு ஒரு நினைப்பு. ரோட்டுக் கணக்கு நேர்மாறு. மட்டக்களப்பு நகரிலிருந்து பொலன்னறுவை, தம்புள்ளை, குருநாகல் வழியாகக் கட்டுநாயக்க ஏறக்குறைய 300 கி.மீ. பலாலிக்கு ஹபரணை, வவுனியா என்று போனாலும் சரி, வாகரை, திருகோணமலை என்று சுற்றினாலும் சரி, 350ஐத் தாண்டும். வான் வண்டியில் ஒரு மணித்தியாலமாவது கூட எடுக்கும். ஆகாயத்தில் இரண்டும் ஒன்றரை மணிக்குள்தான், அதில் பெரிய வித்தியாசமில்லை. டிக்கெட் விலை நாளுக்கு நாள் மாறும், அதை விட்டுவிடுவோம்.

எனக்கு முடிவைத் தந்தது கிலோமீற்றர் அல்ல, எந்த நேரத்தில் ரோட்டில் இருப்போம் என்பதுதான். பலாலியில் ஓடுபாதை குட்டை. ஏடீஆர் மாதிரியான விசிறி பூட்டிய சின்ன விமானம்தான் இறங்கும், அதுவும் விரல்விட்டு எண்ணக்கூடிய சேவைகள். நாங்கள் போன காலத்தில் அது பிற்பகலில் வந்து பிற்பகலிலேயே திரும்பியது. அதில் வந்து இறங்கினால் வவுனியா தாண்டும்போதே பொழுது பட்டுவிடும். பிறகு ஹபரணை, மின்னேரியா. இருட்டினால் அங்கே யானை ரோட்டோரம் நிற்கும். முன்னால் போகிற லொறி பிரேக் லைட்டைப் போட்டதும் பின்னால் வருகிறவர்கள் எல்லாரும் மூச்சு விடாமல் நிற்க வேண்டியதுதான். இரவு பஸ்ஸும் அதே ரோட்டால்தான் போகிறது என்பீர்கள். அந்த டிரைவருக்கு அது தினசரி வேலை. உங்களை ஏற்ற வந்த ஹயர் வான்காரரோ விடியப்புறம் வீட்டிலிருந்து கிளம்பி, எட்டு மணித்தியாலம் ஓடி, உடனே திரும்பவும் ஓடுகிறவர். அம்மாவைப் பின்னால் படுக்க வைத்துக்கொண்டு அந்தச் சவாரிக்கு எனக்குத் துணிவில்லை.

கட்டுநாயக்கவில் சென்னைக்கு ஒரே நாளில் பல பிளைட். காலையில் இறங்குகிற ஒன்றைத் தெரிந்தெடுத்தோம், பின்னேரம் வெளிச்சத்தோடு வீட்டுக்கு வந்தாயிற்று. ஒன்று ரத்தானாலும் அடுத்ததைக் கேட்கலாம்.

பலாலிக்கு நல்லது சொல்லாமல் விடக்கூடாது. சின்ன இடம், நடை குறைவு, தமிழிலேயே கேட்டுப் பதில் வாங்கலாம். வயதானவர்களுக்கு அது பெரிய நிம்மதி. யாழ்ப்பாணத்தில் சொந்தக்காரர் வீடிருந்து, ஒரு இரவு தங்கி நல்லூருக்கும் போய் வருவதென்றால் தாராளமாகப் பலாலியால் போங்கள். மாரி மழையில் அந்தப் பக்கம் எப்படியென்று அனுபவமில்லை, நாங்கள் போனது வெயில் காலம். எங்களுக்கு வடக்கே வாகரைப் பக்கத்து ஆட்களுக்கும் கணக்குக் கொஞ்சம் மாறலாம். தெற்கே கல்முனை, அக்கரைப்பற்று என்றால் யோசிக்கவே வேண்டாம், கட்டுநாயக்கதான்.

(எங்கள் திமிலைதீவில் 2018இல் சிவில் விமான நிலையம் திறந்தார்கள். அங்கிருந்து சென்னைக்கு ஒன்று விட்டால் இந்த அலசலே தேவைப்படாது.)

ஒன்று மட்டும்: கட்டுநாயக்க போகிறவர்கள் கொழும்புக்குள் நுழைய வேண்டாம். குருநாகலில் திரும்பி நாரம்மல, கிரிஉல்ல, திவுலபிட்டிய, மினுவாங்கொடை என்று இறங்கச் சொல்லுங்கள். டிரைவர் புதுசு என்றால் இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.