வேலைக்கு ஒரு ரெஸ்யூமே, கேலரிக்கு ஒரு சிவி

டிராயிங் லோயர், ஹையர் என்ற அரசு ஓவியத் தேர்வுகளில் தேறியதை எங்கே எழுதுவது? பள்ளியில் ஓவிய ஆசிரியர் வேலை என்றால் அது மேலேயே இருக்க வேண்டும், டிடிசி என்கிற தொழில்நுட்ப ஆசிரியர் சான்றிதழும் கூடவே வர வேண்டும். அதே வரியை கேலரிக்குப் போகும் சிவியில் போட்டால் ஒருவர் கண்ணிலும் படாது. படித்தவர் ஒருவர்தான், ஆனால் கேட்பவர் மாறினால் தாளும் மாற வேண்டியிருக்கிறது.

இது புரியாமல் பல வருடம் ஒரே ஃபைலைத்தான் எல்லா இடத்துக்கும் அனுப்பினேன். கலைஞர்கள் சில காலம் தங்கிப் படைக்க இடம் தரும் ஒரு ரெசிடென்சிக்கு விண்ணப்பித்தபோது முதல் பக்கம் முழுக்க மென்பொருள் பெயர்கள், கண்காட்சிகள் இரண்டாம் பக்கத்தின் கடைசியில். இடம் கிடைக்கவில்லை. காரணம் அது ஒன்றுதான் என்று சொல்ல மாட்டேன். ஆனால் படிப்பவர் தேடியதை நான் ஒளித்து வைத்திருந்தேன், அது உண்மை.

வேலைக்கான ரெஸ்யூமேயைப் படிப்பவர், இவர் வந்தால் என்ன செய்து கொடுப்பார் என்றுதான் பார்க்கிறார். அனிமேஷன் ஸ்டூடியோ, பதிப்பகம், விளம்பர நிறுவனம் எதுவானாலும் ஒரு பக்கம் போதும். "ஓவியத்தில் ஆர்வம் உண்டு" என்பதைவிட "40 பக்கக் குழந்தைகள் புத்தகத்துக்கு மூன்று மாதத்தில் படம் வரைந்தேன்" என்பது நூறு மடங்கு பேசும். ஃபோட்டோஷாப் 80 சதவீதம், பிளெண்டர் 60 சதவீதம் என்று பட்டை போடுவதை விட்டுவிடுங்கள், அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை. பெரிய நிறுவனங்களில் ரெஸ்யூமேயை முதலில் ஒரு மென்பொருள் வாசிப்பதும் உண்டு. பக்கத்தை நெடுக்காக இரண்டாகப் பிரித்து, ஐகான் வைத்து, எழுத்தையே படமாக மாற்றி அனுப்பினால் அது தடுமாறும். அழகைக் காட்டத்தான் உங்கள் படைப்புகளின் தொகுப்பான போர்ட்ஃபோலியோ இருக்கிறதே, அதன் இணைப்பைப் பெயருக்குக் கீழேயே கொடுங்கள்.

கலைஞரின் சிவி வேறு மாதிரி. இதுவரை எங்கே, யாரோடு, என்ன காட்டியிருக்கிறீர்கள் என்று, கண்காட்சிக்குப் படைப்புகளைத் தேர்ந்தெடுக்கும் க்யூரேட்டர் பார்க்கிறார். படிப்பு, தனிநபர் கண்காட்சி, குழுக் கண்காட்சி, விருது, ரெசிடென்சி, யாருடைய சேகரிப்பில் படைப்பு இருக்கிறது என்று வரிசை போகும். ஒவ்வொன்றிலும் புதியது மேலே. வருடம், தலைப்பு, இடம், ஊர், அவ்வளவுதான். வர்ணனை வேண்டாம். கொச்சி பினாலே என்ற பெரிய கலைக் கண்காட்சியையொட்டி நடக்கும் மாணவர் பினாலேயில் உங்கள் படைப்பு இருந்திருந்தால் அந்த ஒரு வரியே போதும். வாடகைக்கு ஹால் எடுத்து நீங்களே நடத்தியதும் தனிக் காட்சிதான், தயங்காமல் எழுதுங்கள். பணம் கட்டினால் எல்லாருக்கும் சான்றிதழ் தரும் ஆன்லைன் போட்டிகளை மட்டும் சேர்க்காதீர்கள். பத்து சான்றிதழ் நடுவே இரண்டு நல்ல காட்சிகள் காணாமல் போய்விடும்.

சுவரோவிய வேலையில்தான் நிறையப் பேர் குழம்புகிறார்கள். 2020-இல் சென்னை கண்ணகி நகர் குடியிருப்புச் சுவர்களில் பெரிய பெரிய ஓவியங்கள் வந்தன. அது மாதிரி ஒரு சுவரில் நீங்கள் உதவியாளராக நின்றிருக்கிறீர்கள் என்று வையுங்கள். ரெஸ்யூமேயில் வேலையைச் சொல்லுங்கள்: எத்தனை பேர் குழு, எத்தனை மாடி உயரம், எத்தனை நாள், சாரத்தில் நின்று கட்டம் போட்டுப் பெரிதாக்கியது யார். சிவியில் வருடம், ஓவியத்தின் தலைப்பு, இடம், முதன்மைக் கலைஞர் பெயர், பக்கத்தில் "உதவியாளர்". அந்தச் சொல்லை விழுங்கிவிட்டால் இரண்டு தாளுமே பொய்யாகிவிடும். இந்த உலகம் சின்னது, அந்தச் சுவரை வரைந்தவரை க்யூரேட்டருக்குத் தெரிந்திருக்கும். பேனர் வரைந்த பட்டறையில் அப்பாவிடம் கற்றவர்களும் அதை மறைக்க வேண்டியதில்லை. கையால் பேனர் வரைவது ஃபிளெக்ஸ் வந்தபிறகு அருகிப்போன திறமை, இரண்டு தாளிலும் அதற்கு இடம் உண்டு.

அப்புறம் பயோடேட்டா. போட்டோ, தந்தை பெயர், திருமண நிலை, கடைசியில் "மேற்கண்டவை உண்மை" என்று ஒரு உறுதிமொழி. அரசு வேலைக்கு அவர்களே படிவம் தருவார்கள். மற்ற எங்கும் இது தேவையில்லை.

இரண்டில் எதை முதலில் தயாரிப்பது என்றால், சிவியைத்தான் சொல்வேன். காட்சியின் தேதியும் ஹால் பெயரும் மறந்துபோகும், அழைப்பிதழ் தொலைந்துபோகும். எல்லாவற்றையும் ஒரு நோட்டில் வருடவாரியாக எழுதி வைத்தால் ரெஸ்யூமேக்கு வேண்டியதை அதிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம். கல்லூரியை விட்டு இப்போதுதான் வந்தவர்களுக்கு சிவி அரைப் பக்கம்கூட வராது. பரவாயில்லை, அரைப் பக்கமாகவே அனுப்புங்கள். கூடவே பத்துப் படங்களின் பட்டியலை ஒழுங்காக வையுங்கள்: தலைப்பு, அக்ரிலிக்கா எண்ணெய் வண்ணமா, கேன்வாஸா காகிதமா, உயரம், அகலம், வருடம்.