மொரிஸ் மைனர்: மங்கிய பெயின்ற்றா, புதுப் பெயின்ற்றா?

திருகோணமலையில் மொரிஸ் மைனர் 1000 வாங்குவதென்றால், மங்கிய பழைய பெயின்ற் உள்ள காரையே முதலில் பாருங்கள். உப்புக்காற்று செய்த சேதம் அதில் வெளிப்படையாகத் தெரியும். இந்தக் காருக்குத் தனிச் சேசிஸ் (அடிச்சட்டம்) இல்லை. காரின் தகர உடற்கூடான பொடிதான் பாரத்தைத் தாங்குகிறது. அதனால் கதவுகளுக்குக் கீழோடும் தகரப்பெட்டி, ஜக் வைக்கும் இடம், பின் லீஃப் ஸ்பிரிங் பூட்டும் இடம் மூன்றையும் ஸ்குரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் வெட்டி ஒட்டும் வேலைதான். மேல்துரு பெரிய விஷயமில்லை.

புதுப் பெயின்ற் அடித்த கார் கண்ணைப் பறிக்கும், ஆனால் சோதிப்பது கடினம். மெல்லிய துணியில் சுற்றிய காந்தத்தை ஓடவிடுங்கள். ஒட்டாத இடத்தில் இருப்பது புட்டி, அதாவது பள்ளம் நிரப்பும் பசை. துருவின்மேல் பூசிய புட்டி ஈரத்தைப் பிடித்து, பின்னர் கொப்புளிக்கும். 1961க்கு முந்திய காரில் கதவுத் தூணிலிருந்து நீளும் சிக்னல் கை இருக்க வேண்டும். அந்தத் துளையையும் சிலர் அடைத்துவிடுகிறார்கள், மனம் வலிக்கும் வேலை. 948 சிசி எஞ்சின் 1956இலிருந்து, 1098 சிசி 1962இலிருந்து வந்தது. எஞ்சின் இலக்கத்தைப் பதிவுப் புத்தக இலக்கத்தோடு ஒப்பிடுங்கள்.

இரண்டிலும் முன்சில்லை ஜக்கில் தூக்கி மேலும் கீழுமாக ஆட்டுங்கள். முன்சில்லைத் தாங்கித் திரும்பவிடும் மூட்டுத்தான் ட்ரனியன். கிறீஸ் காணாத ட்ரனியன் தேய்ந்து கழன்றால் சில்லு ஓட்டத்திலேயே மடங்கிவிடும்.