'மர்டர், ஷீ ரோட்': கேபட் கோவ் ஊரின் துப்பறியும் ஆசிரியை

அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சியில் 1984 முதல் 1996 வரை 264 பகுதிகளாக ஒளிபரப்பான 'மர்டர், ஷீ ரோட்' தொடரின் டிவிடி தொகுப்பை வாங்க நினைப்பவர்கள், பன்னிரண்டு பருவங்களும் ஒரே தரத்தில் இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். மெய்ன் மாநிலக் கடலோரத்தில் இருப்பதாகக் கற்பனை செய்யப்பட்ட கேபட் கோவ் என்ற சிற்றூரில் நிகழும் கதைகளே இத்தொடரின் உயிர்நாடி.

கதைத்தலைவி ஜெசிகா ஃப்ளெட்சர், கணவரை இழந்த, ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை. பொழுதுபோக்காக எழுதிய மர்ம நாவல் அச்சேறியதால் புகழ் பெற்றவர். துப்பறிய உரிமம் இல்லை, கையில் துப்பாக்கி இல்லை. கார் ஓட்டவும் தெரியாததால் ஊருக்குள் மிதிவண்டியில்தான் செல்கிறார். மீன்பிடித் துறையிலும் மருத்துவர் செத் ஹேஸ்லிட்டின் வீட்டிலும் அவர் பேசிக் கொண்டிருக்கும்போது ஒருவர் வாய்தவறி உதிர்க்கும் சொல், கொலையாளிக்கு மட்டுமே தெரிந்திருக்கக்கூடிய செய்தியாக இருப்பதை, பார்வையாளரும் கவனித்திருக்க முடியும் என்பதுதான் இத்தொடரின் நேர்மை. புயலில் தந்தையைக் கடலுக்குப் பறிகொடுத்ததாகச் சொல்லிக்கொண்டு நான்கு சகோதரிகள் படகில் வந்திறங்கும் முதல் பருவக் கதையிலேயே இந்த முறை செம்மையாக அமைந்துவிடுகிறது.

ஊர்க் காவல் தலைவரான ஷெரிஃப் ஏமஸ் டப்பரைச் சற்று மந்தமானவராகவே எழுதியிருப்பதும், குற்றவாளிகள் மிக எளிதாக ஒப்புக்கொள்வதும் குறைகள்தாம். ஆயினும் 58ஆம் வயதில் இந்த வேடத்தை ஏற்ற ஏஞ்சலா லான்ஸ்பரியின் நடிப்பில் அவை பெரிதாகத் தெரிவதில்லை. இறந்தவருக்காக வருந்துகிற முகத்தோடே அவர் விசாரணையைத் தொடங்குகிறார். துப்பறியும் கதைகளில் இது அரிது. அமெரிக்கத் தொலைக்காட்சிக்கான எம்மி விருதுக்குப் பன்னிரண்டு முறை பரிந்துரைக்கப்பட்டும் ஒரு முறைகூட இந்த வேடத்துக்காக அவ்விருது அவருக்குக் கிடைக்காததை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை.

வெளிப்புறக் காட்சிகள் பல கலிபோர்னியாவின் மெண்டசினோவில் படமாக்கப்பட்டவை. மர வீடுகளும் பாறைக்கரையும் கேபட் கோவ் ஊரை நம்ப வைக்கின்றன. ஆறாம், ஏழாம் பருவங்களில் ஜெசிகா கதையை அறிமுகம் செய்துவிட்டு விலகிக்கொள்ளும் பகுதிகளைத் தயங்காமல் தவிர்த்துவிடலாம். எட்டாம் பருவத்தில் அவர் நியூயார்க்கில் அடுக்குமாடி வீடு எடுத்துப் பல்கலைக்கழகத்தில் கற்பிக்கத் தொடங்கியபின், அக்கம்பக்கத்தாரை நெடுநாள் அறிந்திருப்பதால் அவருக்கு வாய்த்த கூர்மை மங்கிவிடுகிறது. முழுத் தொகுப்புக்குப் பணம் செலவிடத் தயங்குபவர்கள் முதல் ஐந்து பருவங்களை மட்டும் வாங்கினால் போதும்.