ஒருமுறை பொலிவதும் முறைவைத்து மங்குவதும்: வடசென்னை மாடிக்கு எது தகும்?

விண்மீன் ஒளியில் சில மணி நேரமோ சில நாள்களோ மட்டும் நீடிக்கும் மாற்றத்தைப் பிடிக்கப் பெயர் பெற்ற வழிகள் இரண்டு. ஈர்ப்பு நுண்வில்லை முறையில், தொலைவிலுள்ள ஒரு விண்மீனுக்கும் நமக்கும் நடுவே வேறொரு பொருள் வந்து, அதன் ஈர்ப்பு பின்னாலிருந்து வரும் ஒளியை வளைத்துக் குவிப்பதால், அந்த விண்மீன் சில காலம் பொலிவு கூடித் தெரியும். கடப்பு முறையில், ஒரு கோள் தன் விண்மீனின் முகத்தைக் கடக்கும்போது அதன் ஒளி சற்றே குறையும். தண்டையார்பேட்டையிலோ திருவொற்றியூரிலோ மொட்டை மாடியில் ஆறு அங்குலத் தொலைநோக்கியும் ஒரு கேமராவும் வைத்திருப்பவர் இவற்றில் எதற்குத் தம் இரவுகளைத் தரலாம் என்பதே இங்கு அலசப்படுகிறது.

நுண்வில்லையின் கணக்கை 1936இல் வெளியிட்ட ஐன்ஸ்டீனே அதை நேரில் காணும் வாய்ப்பு பெரிதாக இல்லை என்று எழுதினார். லட்சக்கணக்கான விண்மீன்களை இரவுதோறும் அளந்தால் காணலாம் என்று போலந்து வானியலாளர் பச்சின்ஸ்கி 1986இல் வழி சொன்ன பிறகு, 1993இல் முதல் நிகழ்வுகள் அகப்பட்டன. பால்வீதியின் நடுவே விண்மீன்கள் அடர்ந்து பருத்திருக்கும் மையப் புடைப்பை நோக்கினாலும், எந்த நேரத்திலும் ஏறத்தாழ பத்து லட்சத்தில் ஓரிரு விண்மீன்களே இவ்வாறு பொலிவேறி நிற்கும். நிகழ்வு நீடிக்கும் காலம் வில்லையாகும் பொருளின் நிறையின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்பதால், சூரிய நிறையுள்ள பொருளுக்கு ஒரு மாத அளவில் ஆகும் நிகழ்வு வியாழன் நிறைக்கு ஒரு நாளாகவும், புவி நிறைக்கு ஒன்றிரண்டு மணி நேரமாகவும் சுருங்கிவிடும். அந்த ஓரிரு மணி நேரம் நமக்குப் பகலாக இருந்தாலோ மேகம் மூடியிருந்தாலோ, நிகழ்வு போனது போனதுதான். அதே இரு பொருள்கள் அப்படி நேர்கோட்டில் மறுபடி வருவதை எதிர்பார்ப்பதற்கில்லை.

இந்தக் காரணத்தால்தான் கொரிய வானியலாளர்கள் கேஎம்டிநெட் திட்டத்தில் 1.6 மீட்டர் தொலைநோக்கிகள் மூன்றைச் சிலி, தென்னாப்பிரிக்கா, ஆஸ்திரேலியா என நாடு பிரித்து நிறுவினர். ஓரிடத்தில் விடியும்போது வேறோரிடத்தில் இருட்டியிருக்கும். தென்னாப்பிரிக்காவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் இடைப்பட்ட நெடுவரையில் சென்னை இருக்கிறது என்று ஆசைப்படலாம். ஆனால் மையப் புடைப்பு இரவெல்லாம் தெரியும் ஜூன், ஜூலை மாதங்களில் தென்மேற்குப் பருவக்காற்று மாலைதோறும் மேகத்தைக் கொண்டுவந்து நிறுத்துகிறது. மேகமில்லாத இரவிலும் அந்தப் பகுதி தெற்கே சுமார் 48 பாகை உயரத்துக்கு மேல் ஏறாது. வடசென்னை மாடியிலிருந்து தெற்கே பார்ப்பது என்றால், துறைமுக விளக்குகளையும் மாநகரின் மொத்த வெளிச்சத்தையும் தாண்டிப் பார்ப்பது என்று பொருள். விண்மீன்கள் அங்கே ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கியடித்து நிற்பதால், சிறிய தொலைநோக்கியில் அவற்றைப் பிரித்தறிவதும் கடினம்.

கடப்பு முறைக்கு இந்தத் தொல்லைகளில் பாதி இல்லை. பெகாசஸ் மண்டலத்திலுள்ள ஹெச்டி 209458 என்ற விண்மீனின் கோள், கடப்பு முதன்முதலில் கண்டறியப்பட்ட புறக்கோள்; ஆண்டு 1999. அது சுமார் மூன்றரை நாளுக்கு ஒருமுறை, ஏறத்தாழ மூன்று மணி நேரம், ஒளியில் 1.5 விழுக்காட்டை மறைக்கிறது. சென்னையில் இந்த விண்மீன் ஏறக்குறைய உச்சந்தலைக்கு மேலேயே, ஆகஸ்ட் இறுதியில் நள்ளிரவிலும் அக்டோபரில் முன்னிரவிலும் கடப்பதால், அடிவானத்துப் புகையும் கடற்கரை ஈரப்பதமும் குறைந்த அளவே குறுக்கிடும். படத்தைச் சற்றே குவியம் தவறவிட்டு எடுத்து, அதே படத்திலுள்ள பக்கத்து விண்மீன்களோடு ஒப்பிட்டு அளந்தால், மெல்லிய மேகப்படலத்தால் எல்லாம் சேர்ந்து மங்குவதையும் இது மட்டும் மங்குவதையும் வேறுபடுத்திவிடலாம். வடகிழக்குப் பருவமழை ஓர் இரவைக் கெடுத்தாலும் அடுத்த கடப்பின் நேரம் முன்கூட்டியே கணக்கில் இருக்கிறது. புவி அளவுக் கோள் சூரியனைப் போன்ற விண்மீனைக் கடந்தால் குறையும் ஒளி பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அதை மாடியில் தேட வேண்டாம்.

எட்டும் தூரத்தில் நுண்வில்லை உயர்ந்தது என்பதில் எனக்கு ஐயமில்லை. விண்மீனிலிருந்து வெகுதூரம் தள்ளிச் சுற்றும் கோள்களையும், எதையும் சுற்றாது தனித்தலையும் கோள்களையும் அது காட்டுகிறது. துணையில்லாத ஒரு கருந்துளையைப் பற்றி 2022இல் வந்த அறிவிப்பும் 2011இல் பதிவான நுண்வில்லை நிகழ்விலிருந்து தொடங்கியதே. கடப்பு முறையோ தன் விண்மீனை ஒட்டிச் சுற்றும் கோள்களுக்கே பெரிதும் உதவும். ஆயினும் வடசென்னைக்காரருக்கு நான் கடப்பையே சொல்வேன், ஒரு விலக்கோடு.

அந்த விலக்கு ஜப்பானிய ஆர்வலர்கள் காட்டியது. 2006 அக்டோபர் இறுதியில் அகிஹிகோ தாகோ, காசியோபியா மண்டலத்தில் 11.4 என்ற பொலிவெண்ணில் (எண் குறையக் குறையப் பொலிவு கூடும்) இருந்த சாதாரண விண்மீன் ஒன்று 7.5 அளவுக்குப் பொலிவேறியிருந்ததைக் கண்டார். அது நுண்வில்லை என்று பின்னர் உறுதியானது. 2017இல் ததாஷி கோஜிமா கண்ட மற்றொரு நிகழ்வின் வில்லையைச் சுற்றி ஒரு கோள் இருப்பதும் தெரியவந்தது. இவை மையப் புடைப்பில் அல்லாமல், நெரிசல் குறைந்த வானத்தில் நடந்தவை. காசியோபியாவில் தாகோ கண்ட விண்மீன் நமக்கு வடக்கே, எண்ணூர்ப் பக்கத்து வானில், ஏறத்தாழ 49 பாகை வரை ஏறும். அனல்மின் நிலைய விளக்குகளுக்கு மேலேயும் அந்தப் பொலிவு சிறு தொலைநோக்கிக்குப் போதும்.

ஆகவே வழக்கமான இரவுகளைக் கடப்புகளுக்கு ஒதுக்கி, இத்தகைய பிரகாசமான நிகழ்வு பற்றிய அறிவிப்பு வந்தால் மட்டும் தொலைநோக்கியைத் திருப்புவது சரி. அப்போது சிவப்பு, நீலம் ஆகிய இரு வடிகட்டிகளிலும் மாறி மாறி அளக்க வேண்டும். நுண்வில்லை எல்லா நிறத்தையும் ஒரே விகிதத்தில் பெருக்கும், ஏறியபடியே இறங்கும். சட்டென எழுந்து மெல்லத் தணிவதும் நீலத்தில் மிகுந்து தெரிவதும் விண்மீன் வெடிப்பொளியின் குணம். கோளின் தடம் உச்சத்தை ஒட்டிய சில மணி நேரத்தில் ஒளிந்திருக்கலாம் என்பதால், அங்கே சில நிமிடங்களுக்கு ஒரு படம் எடுத்து, ஒவ்வொன்றின் நேரத்தையும் ஜிபிஎஸ் கடிகாரத்தோடு ஒத்துப்பார்த்து உலக நேரத்தில் குறித்துவைத்தால், பிற நாட்டு அளவீடுகளோடு அதை அப்படியே கோக்க முடியும்.